மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்: யாழ்ப்பாணத்தில் ஒரு மீட்டமைப்பும் இலண்டனிலிருந்து வந்த உதிரிப்பாகங்களும்

பின்னணி

இந்த ஆய்வு 1957ஆம் ஆண்டு இலங்கையில் பதிவான ஒரு மொரிஸ் மைனர் 1000 காரைப் பற்றியது. நான்கு கதவுகள், 948 சி.சி. என்ஜின், கதவுத் தூணிலிருந்து கை நீட்டித் திரும்பும் திசையைக் காட்டும் பழைய சமிக்ஞைக் கரங்கள். ஒக்ஸ்போர்டின் கவுலித் தொழிற்சாலையில் கட்டப்பட்டுக் கொழும்புக்குக் கப்பலேறி வந்த வண்டி. உரிமையாளர் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். காரை வாங்கியவர் அவருடைய தகப்பனார். வேலையை ஏற்றவர் அதே பகுதியில் கராஜ் வைத்திருக்கும் மூத்த மெக்கானிக். பாகங்களை வாங்கி அனுப்பியவர் ஆசிரியரின் தங்கை மகன், இலண்டன்வாசி. அளவெடுக்கவும் கணக்கு எழுதவும் நான் உடனிருந்தேன். ஆட்களின் பெயர்களும் கடைகளின் பெயர்களும் இங்கே வேண்டாம்.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினி காரைத் தந்தவரும் அவரே. 1948இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்த வண்டி 1971 வரை ஏறக்குறைய 16 இலட்சம் கட்டப்பட்டது. இலங்கையில் அது இவ்வளவு காலம் நிலைத்ததற்கு அதன் திறமை மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1960களில் அந்நியச் செலாவணி வறண்டு கார் இறக்குமதி இறுகியபோது, இருந்த கார்களைத்தான் ஓட்டியாக வேண்டும் என்றாயிற்று. வடக்கில் அதன்மேல் போரும் வந்தது. 1990இல் சண்டை மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் தடைசெய்யப்பட்டது. கார்பரேட்டருக்குள் சில துளி பெட்ரோல் விட்டு என்ஜினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது அந்த ஆண்டுகளில் ஊரறிந்த வித்தை. இந்தக் காரும் அப்படித்தான் ஓடியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிவரை மண்ணெண்ணெயில் போய், மறுவருடம் திரும்பி, பிறகு ஓலைக் கொட்டில் ஒன்றில் நின்றுவிட்டது.

2021 நடுப்பகுதியில் குடும்பம் அதை மறுபடி ஓடவைக்கத் தீர்மானித்தது. காட்சிக்கு வைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கோயிலுக்கும் கடைக்கும் போய்வர வேண்டும், பத்திரம் புதுப்பித்துச் சட்டப்படி ஓட வேண்டும் என்பதே நோக்கம். பின்னர் வந்த பல தீர்மானங்களை இந்த நோக்கமே நடத்தியது.

திறப்பதற்கு முன் தெரிந்தவை

மைனருக்கு அடியில் தனி இரும்புச் சட்டகம் (சேசி) கிடையாது. உடலே சட்டகம். தளத் தகடு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவச் சில் தகடுகள், என்ஜினைத் தாங்கும் முன் கால்கள், பின் வில்லுகள் தொங்கும் இடங்கள் ஆகியவை துருவேறினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். மெக்கானிக் சுத்தியலும் திருப்புளியுமாகக் கீழே படுத்து ஒவ்வோர் அங்குலமாகத் தட்டினார். வலப்பக்கச் சில் முழுவதும் போயிருந்தது, இடப்பக்கத்தில் பாதி. பின் இருக்கைக்கு முன்னாலுள்ள தளத்தில் தார்ப் பீப்பாயை வெட்டித் தட்டையாக்கிய தகடு ஒட்டப்பட்டிருந்தது. பீப்பாயின் எழுத்துக்கூட அரைகுறையாக மிச்சம். கடற்காற்றும் கொட்டிலின் ஈரமும் கீழிருந்து செய்த வேலை இது. கூரையும் கதவுகளும் வியக்கத்தக்க அளவு நன்றாகவே இருந்தன.

என்ஜின் கையால் சுற்றியது. அழுத்தப் பரிசோதனையில் நான்கு சிலிண்டர்களும் தாழ்வு, இரண்டு மிகத் தாழ்வு. எண்ணெய் ஊற்றிப் பார்த்தபோது அளவு ஏறியது; ஆகவே கசிவு வால்வில் என்பதைவிட பிஸ்டன் ரிங்கில் என்றே கொள்ள வேண்டியிருந்தது. பிரேக் மிதி தரையைத் தொட்டது. முன் சக்கரங்களை ஜாக்கில் தூக்கி நெம்பினால் மேலும் கீழும் ஆடின.

இந்த நிலையில், என்ஜின் திறக்கப்படாமலேயே, 2021 நவம்பரில் முதல் கட்டளை போனது.

முதல் கட்டளை

இலண்டன் மருமகன் ஆர்வக்காரர். பிரிட்டனில் மைனருக்கென்றே கடைகள் இருக்கின்றன. விலைப்பட்டியலில் கதவு ரப்பர் முதல் முழுத் தளத் தகடு வரை புதிதாகக் கிடைக்கும். மாமாவுடன் தொலைபேசியில் பேசி ஒரு நீண்ட பட்டியலை அவர் தயாரித்தார். என்ஜின் 1980களில் ஒரு முறை பிரித்து வேலைசெய்யப்பட்டது என்பது குடும்பத்தின் நினைவு. தேய்ந்த சிலிண்டரைப் படிப்படியாக அகலக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவதும், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் தேய்ந்தால் அதை மெலிதாக்கித் தடித்த பேரிங் போடுவதும் வழமை. குடும்பத்தின் நினைவை வைத்து "முன்பு ஒரு படி கூட்டியிருப்பார்கள், இப்போது அடுத்த படி" என்று கணக்கிட்டு 0.020 அங்குலம் கூடிய பிஸ்டன்களும், 0.010 அங்குலம் குறைந்த கிராங்குக்கான பேரிங் ஓடுகளும் எடுத்தார். சில் தகடுகள், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், குழாய்கள், முன் அச்சின் ட்ரனியன்கள் (முன் சக்கரத் தண்டு திரும்பும் மரை மூட்டுகள்), ரப்பர்கள், ஓர் எலக்ட்ரோனிக் இக்னிஷன், அங்குல மரை போல்ட் நட்டுகள் ஒரு பெட்டி ஆகியவையும் சேர்ந்தன.

மெக்கானிக்கின் ஆட்சேபம் தெளிவானது. "மாஸ்டர், திறந்து பார்க்காமல் பிஸ்டன் எடுப்பிக்காதீர்கள். போன ஆள் எந்த அளவுக்குக் கடைந்தான் என்று பிஸ்டனின் தலையில்தான் எழுதியிருக்கும்." ஆசிரியர் தயங்கினார், மருமகன் காத்திருக்க விரும்பவில்லை. அவருடைய காரணத்தையும் பதிவுசெய்ய வேண்டும்: இலங்கை ரூபா விழப்போகிறது, இப்போதே வாங்குவது நல்லது என்றார். அது நடந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு பவுண் ஏறக்குறைய 270 ரூபா. மார்ச் 7இல் மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டது. மே நடுப்பகுதியில் பவுண் 440 ரூபாவைத் தாண்டியது.

அவசரம் முழுவதும் பிழை என்று எழுதுவது எளிது. பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் தீர்ப்பு வேறு. பிரேக் சிலிண்டரும் ட்ரனியனும் ரப்பரும் ஒரே அளவில்தான் வருகின்றன. என்ஜினைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அவை மாறப்போவதில்லை. அவற்றை முந்தி வாங்கியது இலாபம். தேய்மானத்தைப் பொறுத்து அளவு மாறும் பிஸ்டனையும் பேரிங்கையும் அதே கூடையில் போட்டதுதான் சிக்கல்.

இன்னொன்றும் அப்போது கவனிக்கப்படவில்லை. பிரிட்டிஷ் கடைகளின் விலையில் அந்நாட்டின் 20 வீத வற் வரி (பெறுமதி சேர் வரி) அடங்கியிருக்கும். கடையே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த வரி விலகும். இலண்டன் வீட்டு முகவரிக்கு எடுத்தால் விலகாது. மருமகன் எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்தார்.

என்ஜினைத் திறந்தபோது

2022 ஜனவரியில் என்ஜின் இறங்கியது. சிலிண்டர் தலையைத் தூக்கியதும் மண்ணெண்ணெய் ஆண்டுகள் கண்முன் வந்தன. எரியறையில் கரி அடையாகப் படிந்திருந்தது. மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பங்கு சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும். கீழே இருக்கும் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். சுவரும் தேயும், கிராங்கும் தேயும். அதன் ஒக்டேன் அளவும் (தானாகத் தீப்பற்றாமல் அழுத்தத்தைத் தாங்கும் திறன்) குறைவு என்பதால் என்ஜின் தட்டும். தட்டலைக் குறைக்க ஒரு காலத்தில் தலைக்குக் கீழே இரண்டு கேஸ்கெட் போட்டிருந்தார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் அந்த உபாயம் படித்த பொறியியலாளருக்கும் தோன்றக்கூடியதே.

பிஸ்டனின் தலையில் '030' என்று குத்தியிருந்தது. அதாவது, சிலிண்டர்கள் ஏற்கெனவே 2.478 அங்குல மூல அளவிலிருந்து 0.030 அங்குலம் கடையப்பட்டவை. அதற்கு மேல் ரிங் திரும்பும் இடத்தில் 0.009 அங்குலம்வரை தேய்மானம். நின்ற காலத்தில் ஈரம் புகுந்த இரண்டு சிலிண்டர்களில் துருக் குழிகளும் இருந்தன. அடுத்த படியான 0.040க்குக் கடைந்தால் குழி மறையாது. கிராங்க் ஏற்கெனவே 0.020 குறைக்கப்பட்டு, இப்போது முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது, 0.030க்கு இறக்கினால்தான் வட்டம் வரும்.

வாங்கிய பிஸ்டன் சிறிது, வாங்கிய பேரிங் பெரிது. இரண்டும் அப்போது கப்பலில்.

என்ஜின் பற்றிய தீர்மானம்

நான்கு வழிகள் பேசப்பட்டன. இலங்கையில் வழமையான வழி, பழைய நிஸான் சன்னி என்ஜினையும் கியர்பெட்டியையும் போட்டுவிடுவது. பாகம் தாராளம், ஓட்டம் சுகம். ஆனால் கியர்பெட்டியைத் தாங்கும் இடத்தை வெட்டி மாற்ற வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். கூடுதல் வலுவுக்கு 7 அங்குல முன் பிரேக் டிரம்கள் போதா. ஆசிரியர் மறுத்துவிட்டார். பிரிட்டனிலிருந்து முழு என்ஜின் எடுப்பது இரண்டாவது. ஏற்றுக்கூலியைக் கேட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது. மூன்றாவது, 0.060க்குக் கடைந்து புதிய பிஸ்டன் எடுப்பது. செய்யக்கூடியதுதான், ஆனால் துருக் குழியுள்ள, அறுபது வயதைத் தாண்டிய வார்ப்பில் சுவரை மேலும் மெல்லியதாக்க மெக்கானிக்குக்கு மனமில்லை.

தெரிவுசெய்தது நான்காவது வழி. நான்கு சிலிண்டரையும் அகலக் கடைந்து, வார்ப்பிரும்பில் லைனர் (சிலிண்டருக்குள் செருகும் உறை) செய்து இறுக்கி ஏற்றி, லைனரின் உட்புறத்தை வாங்கிய பிஸ்டனுக்கு ஏற்றபடி 0.020 அளவுக்கே கடைவது. லைனர் போட்டபின் எந்த அளவுக்கும் கடையலாம் என்பதால் கப்பலில் வந்துகொண்டிருந்த பிஸ்டன் வீணாகாது; அடுத்த தலைமுறைக்கு இன்னும் இரண்டு படி கடைய இடமும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் நீரிறைக்கும் என்ஜின்களுக்கு லைனர் போட்டுப் பழகிய லேத் பட்டறைகள் உண்டு. அவற்றில் ஒன்று இதை ஒழுங்காகச் செய்தது. நான் நுண்ணளவியால் சரிபார்த்தேன். மேலிருந்து கீழ்வரை வேறுபாடு ஏற்கத்தக்க எல்லைக்குள்ளேயே இருந்தது.

கிராங்கை 0.030க்கு இறக்கினார்கள். அதற்குரிய பேரிங் ஓடுகளை மட்டும் புதிதாகக் கட்டளையிட வேண்டியிருந்தது. கையளவு பொட்டலம். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவரின் பயணப்பையில் அது வந்து சேர்ந்தது. வாங்கி உதவாமற்போன 0.010 பேரிங்குகள் இன்னும் கராஜ் அலுமாரியில் இருக்கின்றன. திருப்பி அனுப்பும் செலவு அவற்றின் விலையைவிடக் கூடுதல்.

சிலிண்டர் தலையில், ஈயமில்லாப் பெட்ரோலுக்குத் தாங்கும்படி கடினமாக்கிய வால்வு இருக்கைகளைப் புகைவால்வுகளுக்கு உள்ளூரிலேயே பதித்தார்கள். இரண்டு கேஸ்கெட் ஒன்றாயிற்று.

சுங்கத்தில் பெட்டி

முதல் பெட்டி கடல்வழிச் சரக்காக, புலம்பெயர்ந்தோர் ஊருக்கு உடுப்பும் சொக்லேட்டும் அனுப்பும் வீட்டுக்கு வீடு சேவை ஒன்றில் வந்தது. அனுப்பும்போது 'சொந்தப் பாவனைப் பொருட்கள்' என்று எழுதியிருந்தார்கள். மார்ச் மாதம் கொழும்பில் திறந்து பார்த்தபோது உள்ளே இரும்பு. பெட்டி நிறுத்திவைக்கப்பட்டது.

விலைச்சீட்டு கேட்டார்கள். மருமகனிடம் பல கடைகளின் ரசீதுகள் இருந்தன. சிலவற்றில் 'மைனர் பாகங்கள்' என்று ஒரே வரி. சுங்க வகைப்பாட்டில் எல்லா உதிரிப்பாகமும் ஒன்றல்ல. பிஸ்டன் 8409, கிராங்க் பேரிங் 8483, இக்னிஷன் சாமான் 8511, பிரேக்கும் அச்சும் உடல் தகடும் 8708, ரப்பர் சிலவேளை 4016. ஒவ்வொரு தலைப்புக்கும் வரி விகிதம் வேறு. வரியைக் கணக்கிடுவது பொருளின் விலையோடு காப்புறுதியும் ஏற்றுக்கூலியும் சேர்ந்த தொகைமேல். பிரிக்கப்படாத ரசீதை வைத்து அதிகாரி தாமாக மதிப்பிட்டால் அவர்மேல் குறைசொல்ல முடியாது. ஒரு தீர்வை முகவரை அமர்த்தி, மருமகன் பொருள்வாரியாகப் புதுப் பட்டியல் எழுதி அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் ரசீதைக் கோர்த்து, மே மாதக் கடைசியில் பெட்டி வெளியே வந்தது. அதற்குள் ரூபா விழுந்துவிட்டது. வரியைத் தீர்வைப் பத்திரம் போடும் காலத்தின் மாற்று வீதத்தில் கணிப்பதால், பவுணில் மாறாத விலை ரூபாவில் பெருத்திருந்தது. களஞ்சிய வாடகை வேறு.

ஒரு வாரம் பிந்தியிருந்தால் இன்னும் கூடியிருக்கும்: ஜூன் 1இல் இலங்கையின் வற் வரி 8 வீதத்திலிருந்து 12 ஆயிற்று, செப்டெம்பரில் 15.

தகடு வேலையும் மின்வெட்டும்

சில் தகடுகள் வந்ததும் வெட்டத் தொடங்கலாம் என்று டிங்கர் வேலைக்காரர் நினைத்தார். மெக்கானிக் தடுத்தார். தனிச் சட்டகமில்லாத காரில் இரண்டு சில்லையும் ஒன்றாக வெட்டினால் உடல் தொய்யும். பிறகு கதவு மூடாது. முதலில் கதவு வாய்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக ஒட்டி, கதவு இடைவெளிகளை ஒவ்வொரு மூலையிலும் அளந்து சுவரில் எழுதி, ஒரு பக்கத்தை முடித்துக் கதவைப் பூட்டிப் பார்த்த பின்பே மறுபக்கம். வேலை இழுபட்டது. கடைசியில் கதவுகள் தட்டாமல் மூடின.

2022இன் முதற்பாதியில் மின்சாரம் எப்போது வரும் என்பதே பட்டறையின் கால அட்டவணை. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை வெட்டினார்கள். மின் வெல்டிங் முடியாத வேளையில் காஸ் வெல்டிங் செய்யலாம் என்ற யோசனை எழுந்தது. அதன் பரந்த சூட்டில் வெளித் தகடு நெளிந்துவிடும் என்பதால் தளத்தின் உட்பகுதிக்கு மட்டும் அனுமதித்தார்கள். சமையல் எரிவாயுவுக்கே ஊர் வரிசையில் நின்ற காலம் அது. வெல்டிங் காஸும் அவ்வளவு இலகுவாகக் கிடைக்கவில்லை. மின்சாரம் இல்லாத பகலில் துரு சுரண்டுவதும் பழைய பெயின்ட் உரிப்பதும், வந்த இரவில் ஒட்டுவதும் என்று ஆயிற்று.

முன் சுவரிலுள்ள சேசி இலக்கத் தகட்டை எடுக்கவே கூடாது என்பது ஆசிரியரின் கட்டளை. அது வீண் பிடிவாதமாக அப்போது தோன்றியது. அந்த ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் அட்டை வந்தபோது, பதிவு செய்யப் புத்தகத்திலுள்ள சேசி இலக்கம் தேவைப்பட்டது. காரிலும் புத்தகத்திலும் ஒரே இலக்கம் என்பதால் வாரப் பெட்ரோல் பங்கு தடையின்றிக் கிடைத்தது. பதிவு இலக்கம் '1 ஸ்ரீ' வரிசை. 1957, 1958 ஆண்டுகளில் அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்து வடக்கில் நடந்த போராட்டத்தில் தகப்பனாரும் அதன் இடத்தில் தமிழ் எழுத்தைப் பொறித்துச் சில காலம் ஓட்டினாராம். புத்தகத்தில் அந்தக் கதைக்கு இடமில்லை.

தகடுகள் பற்றி ஒரு கசப்பான வேடிக்கை. பின் வில்லுத் தொங்கல்களுக்கும் தளத்தின் ஒரு பகுதிக்கும் தகடு போதாமல் மறுபடி இலண்டனுக்கு எழுதத் தயாரானபோது, தென்னிலங்கையிலேயே மைனர் தகடுகள் அடிக்கிறார்கள் என்று ஒரு லொறிச் சாரதி சொன்னார். உண்மைதான். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த ஒரு மைனர் நிறுவனத்துக்காகவே இலங்கையில் பாகங்கள் செய்யப்பட்டன. தேவையான தகடுகள் தெற்கிலிருந்து லொறியில் வந்தன. ஒன்றிரண்டு இடங்களில் சுத்தியல் வேலை தேவைப்பட்டது. பிரிட்டனிலிருந்து வந்த சில் தகட்டுக்கும் அதே அளவு தேவைப்பட்டது.

முன் அச்சும் பிரேக்கும்

உயிரோடு விளையாடும் பாகங்கள் இவை. இங்கே யாரும் விலை பேசவில்லை. மைனரின் முன் சக்கரம் தாங்கும் செங்குத்துத் தண்டு மேலும் கீழும் மரையுள்ள ட்ரனியன்களில் திரும்புகிறது. கிரீஸ் போடாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கீழ்ப்புறம் கழன்று, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். மைனர் வைத்திருப்பவர் எல்லோருக்கும் தெரிந்த அபாயம் அது. இந்தக் காரின் வலப்பக்கத்தில் மரையின் முடி தட்டையாகியிருந்தது. இடத்துக்கும் வலத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை என்பதால், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் கையால் சுற்றிப் பார்த்தே ஒதுக்கினார்கள்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில் சேசிக் காலுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டை உருவப் போனால் முன் அச்சுக்கு வில்லாக முறுகும் டோர்ஷன் கம்பி குறுக்கே நிற்கும். கம்பியைத் தளர்த்தி நகர்த்தியாக வேண்டும். புதியதைப் பூட்டும்போது போல்ட்டை மறுபுறமிருந்து செலுத்தினார்கள்; அடுத்த முறை கம்பியைத் தொடாமலே கழற்றலாம். பழைய சிலிண்டருக்குப் பித்தளை உறை போடலாம் என்ற உள்ளூர் யோசனையை மெக்கானிக் ஏற்கவில்லை. பிரேக் லைனிங் மட்டும் உள்ளூரில் ஒட்டியது.

அதிர்வு தாங்கிகள் வேறு கதை. மைனரின் முன் தாங்கி ஒரு நெம்புகோல். அதுவே அச்சின் மேற்கையும்கூட. பிரிட்டிஷ் கடைகள் புதுப்பித்த தாங்கியைப் பரிமாற்று முறையில் விற்கின்றன: பழையதைத் திருப்பித் தந்தால் ஒரு விலை, தராவிட்டால் மேலதிகக் கட்டணம். எண்ணெய் ஊறிய கனத்த வார்ப்பை யாழ்ப்பாணத்திலிருந்து திருப்பி அனுப்புவது மேலதிகக் கட்டணத்தைவிடச் செலவு. உள்ளூர் லேத்தில் புஷ் கடைந்து, சந்தையில் கிடைக்கும் எண்ணெய்ச் சீல் பொருந்த இடம் விரித்து, நான்கையும் புதுப்பித்தார்கள்.

பெட்டியில் வந்தவற்றுள் மிக மலிவானதும் மிகப் பயன்பட்டதும் அங்குல மரை போல்ட் நட்டுகள். ஊர்க் கடைகளில் மெட்ரிக் மட்டுமே கிடைக்கும். பதினாறில் ஐந்து (5/16) அங்குல போல்ட்டுக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் தடிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மரையின் இடைவெளி வேறு. முன்னைய ஆண்டுகளில் யாரோ 8 மில்லிமீட்டரை வலிந்து முறுக்கி ஆறேழு துளைகளைக் கெடுத்திருந்தார்கள். அவற்றையெல்லாம் மரையுறை போட்டு மீட்க வேண்டியிருந்தது.

மின்சாரப் பக்கத்தில் அதிகம் சொல்ல இல்லை. கார் நேர்முனை தரையிணைப்பு, அதாவது பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்தது; வந்த எலக்ட்ரோனிக் இக்னிஷன் எதிர்முனைக்கு உரியது. மாற்றிப் பூட்டலாம் என்றாலும் பழைய பொயின்ட் இக்னிஷன் முறையையே வைத்துக்கொண்டார்கள். சமிக்ஞைக் கரங்கள் இருக்கட்டும் என்று, மினுங்கும் விளக்குகளைத் தனியாகச் சேர்த்தார்கள்.

ஓடத் தொடங்கிய பின்

2022 முடிவில் என்ஜின் உயிர்பெற்றது. 2023இல் பெயின்ட், கண்ணாடி ரப்பர், இருக்கை வேலை. அந்த ஆண்டு நடுவில் புகைப் பரிசோதனை முடித்து, பழைய நிலுவைகளைச் செலுத்தி, வருமான அனுமதிப்பத்திரம் கிடைத்தது.

முதல் சில வாரங்களில் கார் ஒருமுறை நடுவீதியில் நின்றது. பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறி இல்லை. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புதிதாக வந்த ரோட்டரில் நடுத் தறையாணிவழி மின்சாரம் தண்டுக்குக் கசிந்தது. இப்போது விற்கப்படும் மலிவான ரோட்டர்களிலும் கன்டென்சர்களிலும் இது அறியப்பட்ட குறை. கழற்றி எறியாமல் வைத்திருந்த பழைய ரோட்டரைத் துடைத்துப் பூட்டியதும் கார் வீடு வந்தது. புதியது என்பதற்காகவே நல்ல பழையதை மாற்றும் பழக்கம் எனக்கு எப்போதுமே உவப்பானதில்லை.

ஓராண்டு கழித்துத் திறந்து பார்த்தபோது எண்ணெயில் உலோகத் துகள் இல்லை, நான்கு சிலிண்டரின் அழுத்தமும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. லைனர் எதுவும் அசையவில்லை. வலப்பக்கச் சில்லின் ஒட்டு ஒன்றில் பெயின்ட் வெடித்திருந்தது. உள்ளே துருத் தடுப்பு மெழுகு படியாத இடம் அது. துளையிட்டு மெழுகு பீச்சினார்கள்.

அடுத்த முறை மாற வேண்டியவை

பட்டியலை முதல் நாளே இரண்டாகப் பிரிப்பது. அளவு மாறாதவை, அதாவது பிரேக், ரப்பர், ட்ரனியன், போல்ட், முந்தி வாங்கலாம். நாணயம் ஆடும் காலத்தில் முந்தி வாங்கியே ஆக வேண்டும். பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவை பிரித்து, அளந்து, பிஸ்டன் தலையின் குத்தெழுத்தைப் படம் எடுத்து அனுப்பிய பின்பே. இந்தக் காரில் லைனர் வழி பிழையைச் செரித்துக்கொண்டது. எல்லா என்ஜினிலும் அது கிடைக்காது.

கனமானவற்றைக் கடைவழி நேரே ஏற்றுமதியாக எடுப்பித்தால் அந்த 20 வீத வரி மிஞ்சும். சிறியவற்றுக்குக் கூரியர் கூலி அந்த மிச்சத்தைத் தின்றுவிடும், அவற்றைப் பயணிகள் கையில் அனுப்பலாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதையே வெளியிலும் எழுதி, பொருள்வாரி விலைச்சீட்டை முதலிலேயே முகவருக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக்கு எழுதுமுன் தெற்கில் விசாரிப்பதும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

கியர்பெட்டி இன்னும் தொடப்படவில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கும்போது பல் உரசுகிறது. 948 பெட்டியின் பிறவிக் குணம் அது, தேய்மானமும் கூடியிருக்கிறது. கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் புதிய வளையங்களை எடுப்பிக்கலாமா என்று மருமகன் கேட்டிருக்கிறார். பெட்டியை இறக்கிப் பார்த்த பிறகு பதில் எழுதுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். கராஜில் இடம் காலியாகும்வரை கிளச்சை இரட்டித்து மிதித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.